பரமானந்தம் கையைத்தான் கேட்டாரு

பரமானந்தம் பூண்டி பஸ்ஸுல கண்டக்டரா ஏறுனது அறுபத்தொம்பதுல. ஆளு அஞ்சடிதான். குரலு மட்டும் பத்து ஆளு குரலு. காலையில கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுல நின்னு "பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி"ன்னு ஒரே மூச்சுல கூப்பிட்டாருன்னா, மூஞ்சிக்கல்லுல அடுப்படியில நிக்கிற அவரு சம்சாரம் லீமா, "எம்மாப்பிள்ளை கௌம்பிட்டாரு"ன்னு சொல்லிட்டு மிஷன் ஹாஸ்டல் துணி வெளுக்கப் போவாங்க. கடிகாரமே வேண்டாம் அந்த வீட்டுக்கு.

அந்த ரோட்டுல கண்டக்டரு குரலு சும்மா ஆள் கூப்பிட மட்டும் இல்ல. ஒரு வண்டி போற அகலம்தான் ரோடு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒண்ணுமே இல்ல. எதுத்தாப்புல கேரட் லாரி வந்துருச்சுன்னா யாராச்சும் ஒருத்தர் பின்னாடி போயி ஒதுங்குற எடத்துல நிக்கணும். மேகம் எறங்கிருச்சுன்னா கண்ணாடியில வெள்ளையைத் தவிர டிரைவருக்கு ஒண்ணும் தெரியாது. கண்டக்டரு கீழ எறங்கி வண்டிக்குப் பின்னாடி நின்னு, "வரலாம், வரலாம், வரலாம்"னு சொல்லிக்கிட்டே வருவாரு. "ஹோல்டான்"னா டிரைவரு பிரேக்கை மிதிச்சிரணும். வாயால கூப்பிடுறதுதான் மொதல். வண்டியோட தகரத்துல அடிக்கிறது அதுக்கு அப்புறம். அறுபது உசுரு அந்தக் குரலுலதான் தொங்கிக்கிட்டுப் போகும்.

டிரைவரு மலைச்சாமி. ரெண்டு பேருக்கும் ஆகாது.

எழுபத்திரெண்டுல ஒரு நாளு மலைச்சாமியோட மாமனாரு, டிரைவரு பக்கத்துல இருக்கிற ஒத்த சீட்டுல ராஜா மாதிரி உக்காந்திருந்தாரு. மன்னவனூர்ல ஒரு நெறமாசப் பொம்பள ஏறுச்சு. பரமானந்தம் நேரா போயி, "பெரியவரே, எந்திரிங்க, இந்தப் பிள்ளை உக்காரட்டும்"னாரு. பெரியவரு, "நான் யாரு தெரியுமா, டிரைவரோட மாமனாரு"ன்னாரு. "தெரியுங்க. அதான் எந்திரிக்கச் சொல்றேன், மத்தவங்க மாமனாருன்னா யோசிப்பேன்"னாரு பரமானந்தம். பஸ்ஸே சிரிச்சுருச்சு. அந்தப் பெரியவரு கவுஞ்சி வரைக்கும் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. சாகுற வரைக்கும் மருமகன் பஸ்ஸுல ஏறல.

அன்னையில இருந்து மலைச்சாமி கண்டக்டருகிட்ட நேரடியா பேசுறதில்ல. பேசணும்னா பாசஞ்சர்கிட்ட சொல்லுவாரு. "இந்தாப்பா, அந்த ஆளுகிட்ட சொல்லு, டயரைப் பாக்கணும்." பரமானந்தமும் அதே பாசஞ்சர்கிட்ட, "பாத்தாச்சுன்னு சொல்லுங்க"ம்பாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல கெடந்து பாசஞ்சர்தான் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலிச்சு எறங்குவாங்க. வேலையில மட்டும் அந்தப் பகை நொழையல. "ஹோல்டான்"னா ஒரு முழம் தாண்டாது மலைச்சாமி வண்டி.

எழுபத்தஞ்சுல பரமானந்தத்துக்கு வலது கட்டைவெரலு ஆட ஆரம்பிச்சது. மொதல்ல குளிருன்னு நெனச்சாரு. அப்புறம் முழுக் கையும் ஆடுச்சு. டிக்கெட்டைக் கிழிக்கப் போனா ரெண்டு மூணா வரும், சில்லறை கொடுக்கப் போனா சீட்டுக்கு அடியில உருளும். கிறிஸ்மஸுக்குக்கூட ஒரு சொட்டு தொடாத மனுசன். அவரைப் பாத்து, "வெள்ளனேயே போட்டாச்சு போல"ன்னு பஸ்ஸுல பேச ஆரம்பிச்சாங்க. மலைச்சாமி ஸ்டீரிங்கைப் புடிச்சுக்கிட்டே சத்தமா சொல்லுவாரு: "மாமனாரை எந்திரிக்கச் சொன்ன கை. அதான் இப்ப தானா எந்திரிச்சு ஆடுது."

மதுரையில டாக்டரு பாத்துட்டு நடுக்குவாதம்னு சொன்னாரு. மாத்திரையில வாய்தான் வறண்டுச்சு, கை நிக்கல. அப்புறம் மெட்ராஸுல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாங்க. எழுபத்தேழுல மொட்டை அடிச்சுக்கிட்டுப் போயி படுத்தாரு.

மயக்கமே கொடுக்கல. தலையில ஒரு இரும்பு வளையத்தை நாலு பக்கமும் திருகி மாட்டுனாங்க. மண்டையோட இடது பக்கம் சின்னதா ஒரு ஓட்டை. அது வழியா நூலு மாதிரி ஒரு கம்பி. டாக்டரு, "ஏதாச்சும் பேசிக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க"ன்னாரு. என்ன பேசுறது? "பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி"ன்னு ஆரம்பிச்சுட்டாரு. கம்பியில கரண்டு விட்டாங்க. அறுந்த பல்லிவாலு மாதிரி துடிச்சுக்கிட்டிருந்த வலது கை அப்படியே நின்னுருச்சு. ரெண்டு வருசம் கழிச்சு அந்தக் கையைச் சும்மா கெடக்கப் பாக்குறாரு. ஊருப் பேரு மறந்து போச்சு, கண்ணுல தண்ணியா ஊத்துது. "பூண்டிக்கு அப்புறம் என்னய்யா"ன்னு டாக்டரு கேக்குறாரு. "பூண்டியோட ரோடு முடிஞ்சுருச்சுங்க"ன்னாரு. மூளையில கம்பி தொட்ட அந்த எடத்தையே பொசுக்கிவிட்டு, கம்பியை எடுத்துட்டு, தச்சு அனுப்பிட்டாங்க.

மறுபடி பஸ்ஸுல ஏறுனப்ப ஜனம் கையைப் புடிச்சுப் புடிச்சுப் பாத்துச்சு. மலைச்சாமி வாய்க்கு வேலை இல்லாமப் போச்சு. அந்த நிம்மதி மூணு வருசம்தான்.

எண்பதுல இடது கை ஆரம்பிச்சது. டிக்கெட்டுக் கட்டைப் புடிக்கிறது இடது கை. கட்டு ஆடுனா கிழிக்கிற கை நல்லா இருந்து என்ன பிரயோஜனம். மலைச்சாமிக்கு வாய்க்கு அவல் கெடச்ச மாதிரி ஆயிப்போச்சு. "ஏம்ப்பா, ஒரு கையை மெட்ராஸுல ரிப்பேர் பண்ணியாச்சு. இன்னொண்ணை எப்ப சர்வீஸுக்கு விடுறாருன்னு கேளு. எஞ்சினே போயிட்டிருக்கு, பார்ட்டு மாத்தி என்னத்த." முன் சீட்டுல இருந்து கடைசி சீட்டு வரைக்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு ராத்திரி வரைக்கும் காதுல கெடக்கும் பரமானந்தத்துக்கு.

எண்பத்தொண்ணுல திரும்பவும் மெட்ராஸ். அதே டாக்டரு. இந்தத் தடவை அவரு மொகத்துல தெளிச்சி இல்ல. "ஒரு பக்கம் பண்ணுனா பெரிசா பயமில்ல. ரெண்டு பக்கமும் பண்ணுனா பேச்சு அடிபடலாம். சத்தம் கொறையும், வார்த்தை குழறும். எல்லாருக்கும்னு இல்ல, பல பேருக்கு. வெளிநாட்டுல பொசுக்காம கம்பியை உள்ளயே விட்டு, கரண்டை மட்டும் ஓட்டிப் பாக்குறாங்க. நம்மகிட்ட அது இல்ல. வீட்டுல கலந்து பேசிட்டு வாங்க"ன்னாரு. லீமா வராண்டாவுலதான் உக்காந்திருந்தாங்க. பரமானந்தம் வெளிய வந்து, "போன தடவை மாதிரித்தான்"னு சொல்லிட்டாரு.

இப்ப வலது பக்கம் ஓட்டை. "பூம்பாறை, மன்னவனூர்"னு ஆரம்பிச்சாரு. கரண்டு விட்டதும் இடது கை கல்லு மாதிரி நின்னுச்சு. கவுஞ்சின்னு சொல்லப் போனவருக்கு நாக்குத் தடிச்சுப் போச்சு. வாயில பஞ்சை வெச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி "கௌஞ்" வரைக்கும் வந்து நின்னுருச்சு. டாக்டரு கரண்டை நிறுத்துனாரு. நாக்கு வந்துருச்சு, கை ஆட ஆரம்பிச்சுருச்சு. கம்பியை ஒரு இழை நகத்துனாரு. இப்ப பேச்சு சுத்தமா வருது, கை பாதிதான் நிக்குது. மறுபடி பழைய எடம். கை நிக்குது, பேச்சு குழறுது.

டாக்டரு குனிஞ்சு சொன்னாரு: "பரமானந்தம், கவனமாக் கேளுங்க. கரண்டா இருக்கிறதால நிறுத்துனா திரும்பி வருது. பொசுக்கிட்டேன்னா வராது. இந்த எடமா, அந்த எடமா? லேசாத்தான் குழறுது, சரியாகிறவங்களும் உண்டு. என்னால உறுதி சொல்ல முடியாது."

அந்த நேரத்துல அவரு நெனச்சது லீமாவை இல்ல, மாதாவை இல்ல. முன் சீட்டுல இருந்து கடைசி சீட்டு வரைக்கும் போன அந்தச் சிரிப்பை.

"கை"ன்னாரு. "கை முழுசா நிக்கணும்."

அப்படியே ஆச்சு.

ஊருக்கு வந்து ஒரு மாசம் ஆகியும் பேச்சு திரும்பல. ஏத்த எறக்கம் இல்லாம ஒரே மட்டமா, வெரசா, ஒரு வார்த்தை இன்னொரு வார்த்தையை ஏறி மிதிச்சுக்கிட்டு வரும். பஸ் ஸ்டாண்டுல அவரு பூண்டின்னு கூப்பிட்டா பக்கத்துல டீ குடிக்கிறவன் திரும்ப மாட்டான். இதுல கொடுமை என்னன்னா, அவரு காதுக்கு அது நல்லாவே கேட்டுச்சு. பழைய மாதிரி கத்துறதாத்தான் நெனச்சாரு. மத்தவங்க "என்னது, என்னது"ன்னு கேட்டா, வேணும்னே கேக்குறாங்கன்னு தோணுச்சு. குழறுற பேச்சைக் கேட்ட புது பாசஞ்சர் மூக்கைப் பொத்திக்கிட்டு நகந்து உக்காருவாங்க. கை ஆடுனப்பவும் குடிகாரன், கை நின்னப்பவும் குடிகாரன்.

ஒரு நாளு சோத்தைப் போட்டுக்கிட்டே லீமா சொன்னாங்க, "அந்த டாக்டரு மேல கேசு போடணும். சொல்லாமக் கொள்ளாம வாயை எடுத்துட்டாரு."

பரமானந்தம் தட்டைப் பாத்துக்கிட்டே, "கேட்டாரு"ன்னாரு.

"என்னது?"

"கேட்டுட்டுத்தான் பண்ணுனாரு."

லீமா கரண்டியைக் கீழ வெச்சாங்க. "உங்ககிட்ட கேட்டாங்களா? கையா வாயான்னு?"

தலையை ஆட்டுனாரு.

"நான் வராண்டாவுல பத்தடி தூரத்துல உக்காந்திருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணல உங்களுக்கு. அந்த மலைச்சாமி பய சிரிக்கக் கூடாதுன்னு எம் புருசன் பேச்சைக் கொண்டுபோயி மெட்ராஸுல போட்டுட்டு வந்திருக்கீங்க. அந்தக் கை எனக்கு வேண்டாம். நீங்களே வெச்சுக்கோங்க."

ரெண்டு வாரம் அவங்க பேசல. அவரு பேசுனதும் கேக்கல. 

பஸ்ஸுல மலைச்சாமி மொத முறையா நேரடியாப் பேசுனாரு. பத்து வருசத்துல மொத தடவை. "யோவ், ரிவர்ஸுல உன் சத்தம் எனக்குக் கேக்கல. ஓனருகிட்ட சொல்லி எறங்கிக்க."

"நான் கத்துறேன். உனக்குத்தான் காது போச்சு"ன்னாரு பரமானந்தம்.

"என்னது?"

"காது போச்சு."

"பாத்தியா, இதுவே கேக்கல."

அதுக்கப்புறம் ஆறு மாசம் ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டே ஓட்டுனாங்க. மேகம் இல்லாத நாளுல கண்ணாடியைப் பாத்தே மலைச்சாமி ரிவர்ஸ் எடுத்தாரு. மலைச்சாமி ரிவர்ஸுக்கு ஆளை மாத்துங்கன்னு ரெண்டு தடவை ஆபீஸுல போயி சொன்னாரு. என்னைத் தூக்குறதுக்குப் பண்ற சதின்னு பரமானந்தமும் போயி சொன்னாரு, ஆபீஸுல அவரு சொன்னது பாதி புரியல. புரியலைன்னு சொல்ல அவங்களுக்குச் சங்கடம். "சரி சரி"ன்னு அனுப்பிட்டாங்க.

எண்பத்திரெண்டு அக்டோபரு. கூக்கால் பிரிவு தாண்டி ரெண்டாவது வளைவு. மேகம் ரோட்டுல படுத்துக் கெடக்கு. எதுத்தாப்புல பூண்டு மூட்டை ஏத்துன லாரி. பஸ்ஸுதான் பின்னாடி போகணும். பரமானந்தம் எறங்கி ஓடி வண்டிக்குப் பின்னாடி நின்னாரு. "வரலாம், வரலாம், வரலாம்." வண்டி வருது. ஓரக்கல்லு ரெண்டு முழத்துல இருக்கு. "ஹோல்டான்." வண்டி வருது. "ஹோல்டான்." தொண்டை கிழியுற மாதிரி கத்துறாரு, அவரு காதுல மலையே எதிரொலிக்குது. வண்டி வந்துக்கிட்டே இருக்கு. அப்புறம்தான் ரெண்டு கையாலயும் தகரத்துல ஓங்கி அடிச்சாரு. நடுக்கம் துளியும் இல்லாத ரெண்டு கை. மலைச்சாமி மிதிச்சாரு. அதுக்குள்ள பின் சக்கரம் கல்லைத் தாண்டி எறங்கிருச்சு.

பஸ்ஸு ஒருக்களிச்சு நின்னுச்சு, மரத்துல சாஞ்சு. மேல இருந்த முட்டைக்கோசு மூட்டை ஒவ்வொண்ணாப் பள்ளத்துல போற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுச்சு. ஜனம் முன் கதவு வழியா ஒவ்வொருத்தரா எறங்குனாங்க. கடைசி சீட்டுல இருந்த வீரம்மாளுக்கு மட்டும் கை முறிஞ்சுருச்சு. கவுஞ்சியில பூண்டு வாங்கி விக்கிற பொம்பள அவங்க. சாவு ஒண்ணும் இல்ல. மலைச்சாமி எறங்கி வந்து, பரமானந்தம் சட்டையைப் புடிச்சாரு. "ஏலே, கூப்பிட வாய் இல்லேன்னா எதுக்குடா எறங்குன?"

"கத்துனேன். மூணு தடவை கத்துனேன். வேணும்னே விட்டுட்ட நீ." ஜனம்தான் பிரிச்சுவிட்டுச்சு.

நாலாம் நாளு விசாரணை. ஓனரு முகம்மது இஸ்மாயில் ஆயக்குடியில இருந்து மலையேறி வந்திருந்தாரு. கொய்யா மண்டியும் வெச்சிருக்கிறவரு, நிதானமான மனுசன். பஸ் ஷெட்டுல ரெண்டு ஸ்டூலைப் போட்டு ரெண்டு பேரையும் உக்கார வெச்சாரு. தப்பு யாரு மேலயோ அவரு வண்டியில இருந்து எறங்கணும், பேச்சு அவ்வளவுதான்.

மலைச்சாமி சுருக்கமா முடிச்சுட்டாரு. "கூப்பிடல. கூப்பிட்டா நிறுத்தியிருப்பேன். பதிமூணு வருசமா நிறுத்தியிருக்கேன்."

பரமானந்தம் ஆரம்பிச்சாரு. ஓனரு காதைச் சாய்ச்சாரு, அப்புறம் நாற்காலியை நகத்திக் கிட்ட வந்தாரு. கிளார்க்கு நடுவுல புகுந்து, "தட்டுனேன்னு சொல்றாரு போல"ன்னான். "இல்ல, கத்துனேன்"னாரு பரமானந்தம். "கஷ்டம்னு சொல்றாரு"ன்னான் கிளார்க்கு. மலைச்சாமி பல்லைக் காட்டுனாரு. வாசல்ல நின்ன லீமாவுக்குப் பொறுக்கல. "அவரு கத்துனேன்னு சொல்றாருங்க"ன்னு உள்ள வந்தாங்க. பரமானந்தம் கையைக் காட்டி நிறுத்துனாரு. "நான் பேசுறேன்." அது மட்டும் எல்லாருக்கும் புரிஞ்சுச்சு. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கி, வேர்த்து ஊத்த, மூணு தடவை கத்துனேன், அந்த ஆளு வேணும்னே விட்டாருன்னு சொல்லி முடிச்சாரு. கால் மணி நேரம் ஆச்சு.

அவருக்குச் சாட்சி சொல்லத்தான் வீரம்மா வந்திருந்தாங்க, மாவுக்கட்டோட. மலைச்சாமியைக் கண்டாலே அவங்களுக்கு ஆகாது. "நான் கடைசி சீட்டு. சன்னல் தொறந்திருந்துச்சு, பின்னாடி எட்டிப் பாத்துக்கிட்டிருந்தேன். கண்டக்டரு தம்பி என் மொகத்துக்கு நேரா நிக்குது. அது தட்டுனது நல்லாக் கேட்டுச்சு, இடி மாதிரி. தட்டியும் இந்த ஆளு நிறுத்தல."

"அதுக்கு முன்னாடி?"ன்னாரு ஓனரு. "ஹோல்டான்னு கத்துனது?"

வீரம்மா பரமானந்தத்தைப் பாத்தாங்க. பொய் சொல்லிரலாம்தான். "வாய் அசைஞ்சுச்சு"ன்னாங்க. "பெருசாவே தொறந்து தொறந்து மூடுச்சு. சத்தம் ஒண்ணும் வரலைங்க. நான் என்னமோ செபம் சொல்லுதுன்னு நெனச்சேன்."

யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாக்கூட தேவலாம்.

பரமானந்தத்துக்குக் காதுல இன்னமும் அந்தக் கத்தல் இருக்கு. மலை எதிரொலிச்சது இருக்கு. ரெண்டு முழத்துல சன்னல் தொறந்து உக்காந்திருந்தவங்களுக்கு ஒரு பொட்டு சத்தம் போயிச் சேரல. அப்ப இத்தனை மாசமா "கேக்கல, கேக்கல"ன்னு அந்தப் பாவி சொன்னது பகையில்ல. நெசம். பத்து வருசமா தன்னைப் பத்தி பொய்யாவே பேசிக்கிட்டிருந்தவன் சொன்ன ஒரே நெசத்தை, அவன் சொல்றாங்கிறதாலயே நம்பல.

ஓனரு, "தட்டியும் நிறுத்தலைன்னு இந்தம்மா சொல்லுது. அப்ப மலைச்சாமி மேலயும்..."னு ஆரம்பிச்சாரு.

"இல்லங்க"ன்னாரு பரமானந்தம். மெதுவா, ஒவ்வொரு சொல்லா எறக்கி வெச்சாரு. "தட்டுனது லேட்டு. மொதல்ல கூப்பிட்டேன். கூப்பிட்டது வெளிய வரல. எனக்குத் தெரியல." தோளுல இருந்த தோல் பையைக் கழட்டி மேசையில வெச்சாரு, டிக்கெட்டுக் கட்டை அதுமேல வெச்சாரு.

மலைச்சாமி எந்திரிச்சாரு. "இதை ஆறு மாசம் முன்னாடி வெச்சிருந்தா அந்தம்மாவுக்குக் கை முறிஞ்சிருக்காது"னாரு. அவ்வளவுதான், போயிட்டாரு. ஒரு ஆறுதல் வார்த்தை கெடையாது. இவரும் எதிர்பாக்கல.

மறு மாசம் பஸ்ஸை நிமித்தி ஓட்ட ஆரம்பிச்சப்ப பரமானந்தம் அதுல பாசஞ்சரா ஏறுனாரு. கவுஞ்சி போயி வீரம்மாளைப் பாக்கணும். மன்னிப்புக் கேக்கணும்னா எழுதிக் குடுங்கன்னு லீமா சொன்னாங்க, "கையைத்தான் கேட்டு வாங்குனீங்க, எழுதுங்களேன்"னு. முடியாதுன்னுட்டாரு. வாயாலதான் கேக்கணும். எத்தனை நேரம் ஆனாலும்.

புதுக் கண்டக்டரு பிச்சை முகம்மது, பழனி லைன்ல இருந்து வந்தவரு. "எங்கண்ணே?"

"கவுஞ்சி ஒண்ணு."

"பூண்டியா?"

"கவுஞ்சி."

"கூக்கால் பிரிவா?"

பின்னாடி யாரோ, "நேத்துப் போட்டது எறங்கலையாக்கும்"னாங்க. முன்னாடி இருந்து, திரும்பாமலே, மலைச்சாமி குரலு வந்துச்சு. "கவுஞ்சி குடுய்யா. அந்த ஆளு கவுஞ்சிங்கிறான்."

பிச்சை முகம்மது டிக்கெட்டைக் கிழிக்கப் போனாரு. பரமானந்தம் அவரு மணிக்கட்டைப் புடிச்சாரு. கெட்டியா. ஆட்டமே இல்லாம. தலையை இல்லைன்னு ஆட்டுனாரு. மூச்சை இழுத்துக்கிட்டாரு.

"க. வுஞ். சி."

பிச்சை முகம்மது குனிஞ்சு காதைக் கிட்ட கொண்டுவந்தாரு. இன்னொரு தடவை சொல்ல வெச்சாரு. அப்புறம் மொகம் தெளிஞ்சு, "கவுஞ்சி ஒண்ணு"ன்னு அவரே திருப்பிச் சொன்னாரு.

"அதைத்தானய்யா நானும் சொன்னேன்"னாரு மலைச்சாமி. "இதுக்கு ஒரு வண்டியை நிறுத்தி வெச்சிருக்கீங்க."

பரமானந்தம் டிக்கெட்டை வாங்கி ரெண்டா மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு, அதுக்கப்புறம்தான் உக்காந்தாரு.